தாது வருஷமும் இமயத்துப் பனியும்

முட்டத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் பாறையிலும் வள்ளத்திலும் படிந்திருக்கும் ஈரம்தான். வெள்ளையாக வானிலிருந்து கொட்டும் பனி இங்கே கிடையாது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழையை அரசாங்கம் முதன்முதலில் முன்கூட்டிக் கணித்தது அந்தப் பனியை வைத்துத்தான்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குச் சற்று முன்பு, 1875இல், இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. அதன் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இமயத்தில் பனி மிகுந்தால் அந்த ஆண்டு பருவமழை குறையும் என்று அவர் கருதினார். 1884இல் இதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

சரி, பனியை எப்படி அளப்பது? மழைநீரை மானியில் பிடித்து அளந்துவிடலாம். பனியைக் காற்று மானிக்குள் விழவிடாமல் அள்ளிப்போகும். விழுந்ததையும் உருக்கினால்தான் நீர்க்கணக்கு வரும். உத்தேசமாகப் பத்து அங்குலப் புதுப்பனிக்கு ஒரு அங்குல நீர் என்பார்கள். ஈரப்பனியில் நீர் கூடும், உலர்ந்த பனியில் குறையும். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருந்தால் மழையும் பனியும் கலந்தே விழும்.

என்னைப்போல் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு 'கோயெஃபிசியான் நிவோமெத்ரிக்' என்றால் புரியும். ஆண்டு முழுதும் வானம் தந்த நீரில் பனியாக வந்தது நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு அது. அதற்கு ஊர் ஊராக மானி வேண்டும். பிளான்ஃபோர்டுக்கு இமயத்தில் அந்த வசதி ஏது? மலைப்பகுதி அதிகாரிகள் அனுப்பிய தகவல்களே அவருக்கு ஆதாரம். குமாஸ்தா வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கடிதங்கள்மீது தனி மரியாதை.

1882 முதல் 1885 வரை சோதித்துப் பார்த்துவிட்டு, 1886 ஜூன் 4 அன்று முதல் அதிகாரபூர்வ முன்னறிவிப்பை வெளியிட்டார். ஆனால் பனி ஒன்றே போதவில்லை. 1899இல் நல்ல மழை என்று துறை சொன்னது. கடும் வறட்சி வந்தது. பின்னர் வந்த கில்பர்ட் வாக்கர் பனியைத் தள்ளிவிடவில்லை. 1909இல் மொரீஷியஸ், தென் அமெரிக்கக் காற்றழுத்தம், சான்சிபார் மழை ஆகியவற்றோடு அதையும் சேர்த்துக் கணக்கிட்டார். 1976இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஹான், சுக்லா என்ற இருவர் ஐரோப்பிய-ஆசியப் பனிப்பரப்புக்கும் நம் பருவமழைக்கும் அதே எதிர்த்தொடர்பு தெரிவதாக எழுதினார்கள்.

பிளான்ஃபோர்டின் கணக்கு உத்தேசமானதுதான். துல்லியமான அளவு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தாது வருஷம் சொல்லாமல் வந்திருக்கும். உத்தேசத்தை உத்தேசம் என்று சொல்லியே பயன்படுத்துவதில் தவறில்லை.