உலோகத்தில் ஒரு மருந்து – 2: பிரியாத செல்

பிரியும் செல்லின் படத்தைப் பார்த்தால், காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் கோடுகோடாய் நிற்பது போலத் தெரிகிறதே, செல் பிரிவதில் மின்புலத்துக்கும் பங்கு இருக்குமோ? இந்தக் கேள்வியோடுதான் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியற்பியலாளர் பார்னெட் ரோசன்பெர்க்கைப் போன வாரம் விட்டு வந்தோம்.

பாலூட்டிகளின் செல்லில் கைவைக்கும் முன், கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஈ.கோலை பாக்டீரியாவை விட்டார்கள். வளர்ப்புக் கரைசலுக்குள் பிளாட்டினம் மின்முனைகள். பிளாட்டினம் எதனோடும் ஒட்டாது, கரையாது என்ற நம்பிக்கை.

மின்சாரம் பாய்ந்தது. ரோசன்பெர்க்கும் சகா லொரெட்டா வான் கேம்பும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். குட்டைக் குச்சிகளாக இருக்கவேண்டிய பாக்டீரியாக்கள் சேமியா இழைகளாய் நீண்டு கிடந்தன! சில இழைகள் வழக்கமான நீளத்தைப் போல 300 மடங்கு. அவை சாகவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தன. இரண்டாகப் பிரிய மட்டும் முடியவில்லை.

நினைத்தது பலித்துவிட்டது, மின்புலம்தான் காரணம் என்று அன்றே கட்டுரை எழுதியிருக்கலாம். அவர்கள் எழுதவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் நெகிழவைக்கும் இடம் இது. வெப்பமா, அமிலத்தன்மையா என்று ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டே வந்தார்கள். மின்சாரம் பாய்ந்து முடிந்த பழைய கரைசலில், மின்சாரமே இல்லாமல் புது பாக்டீரியாவை விட்டார்கள். அதுவும் நீண்டது!

கரையாது என்று நம்பிய பிளாட்டினம் கரைந்திருந்தது. அதுவும் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்குதான். கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடு அதைப் பிடித்துக்கொண்டு புதுச் சேர்மங்களை உண்டாக்கியிருந்தது.

சரி, அந்தச் சேர்மத்தை நேராகவே கலக்கிப் பார்ப்போமே? இங்கே ஒரு முட்டுக்கட்டை. புதிதாகக் கலக்கிய பிளாட்டினம் உப்புக் கரைசல் பாக்டீரியாவைக் கொன்றதே தவிர, நீளச் செய்யவில்லை. வெளிச்சத்தில் சில நாள் இருந்த கரைசலோ நீளச் செய்தது. வெளிச்சம் பட்டதில் குளோரின் சில கழன்று, அந்த இடத்தில் அம்மோனியா ஏறியிருந்தது. 1965-ல் 'நேச்சர்' இதழில் முதல் கட்டுரை வந்தது.

அடுத்து வடிவம். நடுவில் பிளாட்டினம், சுற்றிலும் சதுரத்தின் நான்கு மூலைகள். இரண்டில் குளோரின், இரண்டில் அம்மோனியா. குளோரின்கள் எதிரெதிர் மூலையில் இருந்தால் செல் பாட்டுக்குப் பிரிகிறது. அடுத்தடுத்த மூலையில் இருந்தால் நின்றுவிடுகிறது. அதே அணுக்கள்தான், உட்கார்ந்த இடம் மட்டும் வேறு! அப்படி அடுத்தடுத்து உட்கார்ந்த சேர்மத்தை இத்தாலியர் மிக்கேலே பெய்ரோனே 1840-களிலேயே தயாரித்திருந்தார். நூறாண்டுக்கும் மேல் அதை மருந்தாக யாரும் நினைக்கவில்லை.

ரோசன்பெர்க் நினைத்தார். பிரிவதை நிறுத்தும் பொருள், ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றுக்கட்டியை என்ன செய்யும்?

ஈயம், பாதரசம் என்றாலே நஞ்சு என்று பயந்த காலம் அது. பிளாட்டினமும் கன உலோகம்தான். அதை உயிருள்ள உடம்பில் ஏற்றுவதா? 1968-ல் துணிந்தார்கள். சார்கோமா-180 என்ற கட்டி வளர்ந்துகொண்டிருந்த வெள்ளெலிகள் காத்திருந்தன. ஊசியில் மருந்து ஏறியது. கட்டி முந்துமா, நஞ்சு முந்துமா?

(தொடரும்)