அலுமோசிலாக்சேன்

சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜன் அணுவின் வழியே இணைந்து, சிலிக்கன்மீது கரிமத் தொகுதிகள் அமைந்த சேர்மங்களைக் குறிக்கும் 'அலுமோசிலாக்சேன்' முழுக்க முழுக்க ஓர் ஒட்டுச்சொல். இதன் முன்னொட்டு படிகாரத்தைக் குறிக்கும் 'அலுமென்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'சிலாக்சேன்' என்பதோ சிலிக்கன், ஆக்சிஜன், ஆல்கேன் ஆகிய மூன்று பெயர்களின் துண்டுகளால் ஆனது. அவற்றுள் சிலிக்கனின் வேர், சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டும் 'சிலெக்ஸ்'. உறவுச்சொல்லான 'சிலிக்கோன்', வாய்பாடு கீட்டோனை ஒத்திருந்ததால் நாட்டிங்காமில் பணியாற்றிய பிரெடெரிக் கிப்பிங் 1901இல் இட்ட பெயர். கீட்டோனுக்குரிய இரட்டைப் பிணைப்பு இச்சேர்மங்களில் இல்லாதபோதும், வணிக உலகம் பொருந்தாத அப்பெயரையே பற்றிக்கொண்டது.

காற்றுப்பட்டாலே தீப்பற்றும் டிரைமெத்தில் அலுமினியம், டிரைமெத்தில் சைலனாலுடன் வினைபுரியும்போது மீத்தேன் வெளியேறி, சிலிக்கன்–ஆக்சிஜன்–அலுமினியம் பிணைப்பு உருவாகிறது. எலக்ட்ரான் பற்றாக்குறையுள்ள அலுமினியம் அண்டை மூலக்கூறின் ஆக்சிஜனையும் பிணைத்துக்கொள்வதால், விளைபொருள் தனி மூலக்கூறாக நில்லாமல், இரண்டு அலுமினியமும் இரண்டு ஆக்சிஜனும் மாறிமாறி அமைந்த நான்கணு வளையமுடைய இருபடியாகிறது; அவ்வளையத்தில் ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டுக்குப் பதில் மூன்று பிணைப்புகள் கொண்டிருப்பதைப் பெயரிலிருந்து அறிய வழியில்லை.