குழந்தைகளுக்கான ஆஸ்துமா இன்ஹேலர்: பக்கவிளைவுகள் என்னென்ன?

"இன்ஹேலர் பழகிவிடும், பிள்ளை வளராது" என்று பயந்து மருந்தை இடையில் நிறுத்தும் பெற்றோர் நம் லப்பைக்குடிக்காட்டிலும் உண்டு. உண்மை நிலையை அறிந்துகொள்வோம்.

தினமும் இழுக்கத் தரப்படும் புடசோனைடு, ஃபுளூட்டிகசோன் ஆகியவை ஸ்டீராய்டு மருந்துகளே. ஆனால் மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடல் முழுவதும் பரவும். இதுவோ மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குச் செல்லும். இதற்கு யாரும் அடிமையாவதில்லை.

வாய், தொண்டை: நாக்கில் வெள்ளைப் படிவு, குரல் கம்மல் வரலாம். ஸ்பேசர் வைத்து இழுத்து, பின்பு வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. ஒளு செய்யும் முன் இழுக்கப் பழக்கினால் கொப்பளிப்பது மறக்காது.

உயரம்: அமெரிக்கா, கனடாவில் 1,041 குழந்தைகளிடம் தொடங்கிய ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. சில ஆண்டுகள் புடசோனைடு எடுத்தவர்கள் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 செ.மீ. உயரம் குறைந்திருந்தனர்.

அதிக அளவு: நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் அட்ரினல் சுரப்பி மந்தமாகலாம். கடும் சோர்வு, வாந்தி, மயக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனை செல்லுங்கள்.

நீங்களாக நிறுத்தாதீர்கள்; கட்டுப்படாத ஆஸ்துமா உயிரையே பறிக்கும். மூன்று மாதம் வீசிங் இல்லையென்றால், அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளையின் உயரத்தையும் அவ்வப்போது அளந்து குறித்து வையுங்கள்.