ஊசியும் உடன் நிற்பவரும்

தாம்பரத்திற்கு முந்தைய இரயில் நிலையத்தைச் 'சானடோரியம்' என்று நாள்தோறும் சொல்லும் நம்மில் பலர், அது ஒரு மருத்துவமனையின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோயாளருக்கென ஓர் இல்லம் நடத்திய மருத்துவர் டேவிட் சௌரி முத்து, 1928-இல் இங்கே இதனை நிறுவினார். 1937-இல் அது அரசின் வசமாயிற்று. காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அன்று மருந்து.

1943-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் அந்த நிலையை மாற்றியது. அதை விழுங்கிப் பயனில்லை; குடல் அதனை ஏற்பதில்லை. ஆகவே தசையில்தான் ஏற்ற வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். குத்திய இடம் கட்டிப்போகும். சிலருக்குத் தலை சுற்றும், காதும் மந்தமாகும். தனித்துக் கொடுத்தால் கிருமியே மருந்தை எதிர்த்து நிற்கும். எனவே அதனுடன் வேறு மருந்துகளையும் சேர்த்தனர்.

1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் வேறொன்றைக் காட்டியது. ஐசோனியசிட், பாஸ் என்னும் விழுங்கும் மருந்துகளை ஓராண்டு காலம் வீட்டிலிருந்தே உட்கொண்ட ஏழை நோயாளரும், சானடோரியத்தில் இருந்தோருக்கு இணையாகக் குணமடைந்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. ஊசி தேவையற்றுப் போனது போலத் தோன்றியது. ஆனால் நோயாளர் மருந்தை உண்மையில் விழுங்குகின்றனரா? மையத்தினர் அறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

பின்னர் அவர்கள் ஊசியை மீண்டும் கையிலெடுத்தனர். வாரம் இருமுறை நோயாளர் மையத்திற்கு வந்து, ஊழியர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட்டும் பெற்றுச் செல்லும் முறையை ஆராய்ந்து, 1964-இல் வெளியிட்டனர். தினசரி மாத்திரைக்கு அது சற்றும் குறைந்ததன்று. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் முன்னோடி இதுவே. ஊசியின் பலத்தில் ஒரு பகுதி மருந்தில் இல்லை என்றே நாம் கருதுகிறோம். மாத்திரையைத் தனியே விழுங்கலாம், தனியே எறியவும் செய்யலாம். இந்த ஊசிக்கோ இருவர் வேண்டும்.

காதைக் கெடுக்கும் கானமைசின் ஊசியை, மருந்துக்கு மசியாத காசநோய்க்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. செவியிழந்தோரைக் கண்டவர்கள் இதில் மகிழாதிருக்க இயலாது. நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அண்மையில் மாத்திரைப் பொட்டலங்களுடன் தனி அறையில் இருந்த இளைஞர் ஒருவரைச் சந்தித்தபோது, அவர் கேட்டது மருந்தைப் பற்றியன்று. “அடுத்த வாரமும் வருவீங்களா, சாமி?” என்றுதான் கேட்டார்.