பத்து வெள்ளியில் தெரிந்த தலைமை

தலைவர் என்றதும் நம் கண்முன் வருவது மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும்தான். நன்றாகப் பேசத் தெரிந்தவரெல்லாம் தலைவர் என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப் போய்விட்டது. அதைச் செய்வேன், இதைத் தருவேன் என்று வாக்களிப்பவருக்குக் கைத்தட்டல் எளிதில் கிடைக்கும். ஆனால், அன்றாடங்காய்ச்சியிடம் போய், "உன் பணத்தைக் கொடு, உனக்கே நிலம் வாங்குவோம்" என்று கேட்பதற்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 1960இல் இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் அப்படிக் கேட்டவர் துன் வீ. தி. சம்பந்தன்.

அன்றைய நிலையை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். சுதந்திரம் நெருங்கிய காலத்திலும் அதற்குப் பின்னரும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். முழுத் தோட்டத்தையும் துண்டு துண்டாக வெட்டி, சிறு சிறு பகுதிகளாக விற்று இலாபம் பார்த்தார்கள். இதுதான் தோட்டத் துண்டாடல். நிலம் கைமாறியது என்பதோடு இது முடிந்துவிடவில்லை. பால்மரம் சீவியவனுக்கு வேலை போனது. வேலையோடு லயத்து வீடும் போனது. பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை, கோயில் எல்லாமே தோட்ட நிலத்தில் நின்றவை. குடியுரிமை இல்லாதவர்களும் அவர்களில் நிறையப் பேர். அவர்கள் எங்கே போவார்கள்?

சம்பந்தன் 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார். அவரே ரப்பர் தோட்ட முதலாளியின் மகன் என்பதை மறக்கக்கூடாது. துரை வீட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டியவர் லயத்து வாசலில் போய் நின்றார் என்பதுதான் இந்தக் கதையின் சுவையே.

1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்ட வேண்டும். சேர்ந்த பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்கும். நாள் கூலி சில வெள்ளிகளே இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது விளையாட்டல்ல. அரிசிக்கும் மளிகைக் கடைப் பற்றுக்கும் போக மிச்சம் என்ன இருக்கும்? இதற்கு முன் யார் யாரிடமோ பணம் கட்டி ஏமாந்தவர்கள் சந்தேகப்பட்டதில் தவறே இல்லை. அந்தச் சந்தேகத்தை அறிக்கை விட்டுப் போக்க முடியாது. தோட்டம் தோட்டமாகப் போய், நேரில் பேசித்தான் போக்க வேண்டும். அமைச்சர் பதவியில் இருந்துகொண்டே சம்பந்தன் அதைச் செய்தார். 1961இல் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலிக்கு மரம் சீவியவர்கள் தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள்!

குறையும் சொல்லத்தான் வேண்டும். பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் துண்டாடலை ஆராய்ந்து, அதன் தீமைகளை விரிவாக எழுதி, தடுக்க வேண்டும் என்றார். ஆனால் அரசாங்கம் உடனே தடுக்கவில்லை. நிலச் சட்டத்தில் கட்டுப்பாடு பின்னர்தான் வந்தது. அமைச்சரவையில் இருந்த சம்பந்தன் இன்னும் உரக்கக் குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சங்கம் காப்பாற்றிய தோட்டங்களைவிடத் துண்டாகிப் போனவை அதிகம். ஆனாலும் சட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் புக்கிட் சிடிமும் துண்டாகியிருக்கக்கூடும்.

1973இல், கட்சிக்குள் எழுந்த நெருக்கடிக்குப் பிறகு, சம்பந்தன் தலைவர் பதவியை விட்டு விலகினார், வெ. மாணிக்கவாசகம் பொறுப்பேற்றார். 1979இல் சம்பந்தன் காலமானார். பிரிக்பீல்ட்சின் முக்கியச் சாலை இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருடைய தாத்தாவோ பாட்டியோ அன்று பத்து வெள்ளி கட்டியவர்களோ, வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.