க்ரைம் என்பது ஹிப் ஹாப்பா? 140 பிபிஎம்ல ஒரு லண்டன் கதை

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இந்த எபிசோட் முழுக்க 'க்ரைம்', 'க்ரைம்'னு வரும். தமிழ்ல எழுதினா ராஜேஷ்குமார் நாவல் அட்டைதான் ஞாபகம் வரும். இது அந்த க்ரைம் இல்ல. ஆங்கிலத்துல 'ஜி'ல தொடங்குற வேற சொல். அழுக்கு, பிசுக்குன்னு அர்த்தம். 2000களின் தொடக்கத்துல கிழக்கு லண்டன்ல பிறந்த ஒரு இசைக்கு அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. ரெண்டு சொல்லையும் குழப்பிக்கிட்டது தமிழ் எழுத்து மட்டும் இல்ல, லண்டன் போலீஸும்தான். அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

இப்ப கேள்வி. ராப் பண்றாங்க, பீட் இருக்கு, அப்போ க்ரைம் என்பது பிரிட்டிஷ் ஹிப் ஹாப் தானே? நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. என் பதில்: இல்ல. இன்னும் ஒரு படி மேல போய்ச் சொல்றேன். லண்டன் பசங்க ஹிப் ஹாப் மாதிரி இருக்க முயற்சி பண்றதை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் அமெரிக்க ஹிப் ஹாப் அவங்களைத் திரும்பிப் பார்த்துச்சு.

பிரிட்டன்ல ஹிப் ஹாப் 1980கள்லயே இருக்கு. ஆனா ஆரம்பத்துல பல பேர் மைக்கைப் பிடிச்சதும் நியூயார்க்காரங்க மாதிரி பேச ஆரம்பிச்சுடுவாங்க. லண்டன் பாஸி என்ற குழு அதை உடைச்சாங்க. கிழக்கு லண்டன் காக்னி பேச்சும் ஜமைக்கா பாட்வாவும் கலந்த, தங்கள் தெருவோட பேச்சுலயே ராப் பண்ணாங்க. 1990ல வந்த 'கேங்ஸ்டர் க்ரானிக்கிள்' ஆல்பம் இன்னிக்கும் கேட்கலாம். 2001ல ரூட்ஸ் மனுவா 'விட்னஸ்' பாட்டுல அதே வழியில போனார். நல்ல இசை, ஆனா பெரிய சந்தை அமையலை. அமெரிக்கக் கடைகள்ல இவங்களுக்கு இடம் இல்ல, பிரிட்டிஷ் ரேடியோவுலயும் பெருசா இடம் இல்ல.

க்ரைம் வந்த பாதை வேற. அதோட அப்பா அம்மா ஜங்கிள், யூகே கராஜ், ஜமைக்கா டான்ஸ்ஹால். கராஜ் என்பது க்ளப்ல நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு ஆடுற இசை. வயசு பத்தாத, காசும் பத்தாத பசங்க அந்த க்ளப்புக்குள்ள போக முடியலை. அவங்களுக்குக் கிடைச்சது பைரேட் ரேடியோ. லைசென்ஸ் கிடையாது, அரசு அடுக்குமாடிக் கட்டடங்களோட மொட்டை மாடில ஆன்டெனா. ரின்ஸ் எஃப்எம், தேஜாவு எஃப்எம் இப்படித்தான் ஓடுச்சு. டிஜே வெறும் பீட்டை ஓட்டுவார், எம்சிக்கள் வரிசையா மைக்கை மாத்தி மாத்தி எட்டு பார், பதினாறு பார் போடுவாங்க. வரி சூடா இருந்தா டிஜே ரெக்கார்டைப் பின்னாடி சுத்தி முதல்ல இருந்து போடுவார். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டத்துல இருந்து வந்த இந்தப் பழக்கம்தான் 'ரீலோட்'.

ஹிப் ஹாப்புல ராப்பர் ஒரு கதையை உட்கார்ந்து சொல்ல முடியும். இங்க அடுத்த ஆள் மைக்குக்காகக் கை நீட்டிக்கிட்டு நிப்பான். அதனாலதான் க்ரைம் வரிகள் குட்டையா, அடிக்கிற மாதிரி, திரும்பத் திரும்பச் சொல்ற மாதிரி இருக்கும்.

2002ல வைலியோட 'எஸ்கிமோ' வந்துச்சு. பாட்டே இல்லாத, ஐஸ்கட்டி மாதிரி ஜில்லுன்னு ஒரு பீட். அவரோட குழுவுல இருந்த டிஸ்ஸி ராஸ்கல், 2003ல 'பாய் இன் டா கார்னர்' ஆல்பத்துக்கு மெர்க்குரி பரிசு வாங்கினார். அப்போ அவருக்கு வயசு 18. அந்த ஆல்பத்தை அமெரிக்க விமர்சகர்கள் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க, ஆனா அமெரிக்க ஹிப் ஹாப் ரசிகர்கள் கிட்ட அது ஒட்டலை. ஏன்?

காரணம் பேச்சுவழக்கு மட்டும் இல்ல, வேகம். கையால தட்டிப் பாருங்க. பழைய நியூயார்க் ஹிப் ஹாப் நிமிஷத்துக்கு சுமார் 85ல இருந்து 95 தட்டு, தலையாட்டுற வேகம். க்ரைம் 140. நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி. 90ல பழகின காதுக்கு இது படபடப்பா இருக்கும். 90க்கு எழுதின வரியை எடுத்து 140 மேல வைக்கவும் முடியாது, பாதியும் இல்லாம இரட்டிப்பும் இல்லாம நடுவுல தொங்கும்.

ஆனா 140ல ஒரு ரகசியம் இருக்கு. அதுல பாதி 70. க்ரைம் டிரம்ஸ்ல இடைவெளி அதிகம், எல்லாத் தட்டும் விழாது. அதனால உடம்பு 70ல மெதுவா ஆடலாம், நாக்கு 140ல ஓடலாம். கச்சேரில தாளம் அப்படியே இருக்க, பாடகர் இரண்டாம் காலத்துக்குப் போவார் இல்லையா, கிட்டத்தட்ட அதே கணக்கு. இந்த 70ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப போலீஸ் கதை. 2005ல லண்டன் மெட்ரோபாலிடன் போலீஸ் 'ஃபார்ம் 696' கொண்டு வந்தாங்க. நிகழ்ச்சி நடத்துறவங்க பாடப்போறவங்களோட பேர், முகவரி, போன் நம்பர் எல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். தொடக்கத்துல என்ன மாதிரி இசை, எந்த இனத்து மக்கள் வருவாங்கன்னு கூட அதுல கேள்வி இருந்துச்சு. ராக் பேண்டுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. கறுப்பினப் பசங்க பாடுற க்ரைம் நிகழ்ச்சிகள் ஒண்ணொண்ணா ரத்தாச்சு. சென்னையில கானா கச்சேரிக்கு இப்படி ஒரு படிவம் வந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அந்தப் படிவம் முழுசா ஒழிஞ்சது 2017 நவம்பர்ல. ஒரு தலைமுறையோட மேடை நடுவுல போயிடுச்சு.

மேடை போனா ஆட்கள் வேற வழி தேடுவாங்க. சிலர் பாப் பக்கம் போனாங்க. 2008ல வைலியோட 'வேரிங் மை ரோலெக்ஸ்', டிஸ்ஸியோட 'டான்ஸ் விவ் மீ' ரெண்டும் ஹிட். ரெண்டுலயும் க்ரைம் வாசனை கம்மி. குறை சொல்ல மாட்டேன், வாடகை கட்டணும் இல்ல.

தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெக்கம்ல வேற ஒண்ணு நடந்துச்சு. கிக்ஸ் என்ற ராப்பர் 2007ல 'டாக்கின் டா ஹார்டஸ்ட்' விட்டார். பீட் அமெரிக்க ராப்பர் ஸ்டாட் க்வோவோட பாட்டுல இருந்து எடுத்தது, வேகமும் ஹிப் ஹாப் வேகம். ஆனா குரல்? கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, அவசரமே இல்லாத பெக்கம் குரல். இதுக்கு 'ரோட் ராப்'னு பேர். க்ரைம் ஹிப் ஹாப்பைத் தள்ளி வச்சு தன் குரலைக் கண்டுபிடிச்சுச்சுன்னா, ரோட் ராப் ஹிப் ஹாப் வீட்டுக்குள்ளயே போய் தன் பாஷையில பேசுச்சு. 2010ல போலீஸ் எச்சரிக்கையால கிக்ஸோட டூரும் ரத்தாச்சு. வேகம் எதுவா இருந்தாலும் கதவு ஒண்ணுதான்.

(நடுவுல ஒரு ஈழத்தமிழ்க் குரலும் உண்டு. எம்.ஐ.ஏ. க்ரைம் ஆள் இல்ல, ஆனா அதே காலத்து லண்டன்காரர். அவரோட 'பேப்பர் ப்ளேன்ஸ்' குரலை வெட்டி எடுத்துதான் 2008ல டி.ஐ., ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் சேர்ந்து 'ஸ்வாகா லைக் அஸ்' பண்ணாங்க. அவருக்குன்னு தனி எபிசோடே பண்ணலாம்.)

2014க்கு வருவோம். டாட்டன்ஹாம்ல வளர்ந்த ஸ்கெப்டா, தம்பி ஜேஎம்ஈயோட சேர்ந்து 'தட்ஸ் நாட் மீ' விடுறார். பழைய பைரேட் ரேடியோ சத்தம், 80 பவுண்டுல எடுத்த வீடியோ. அதுக்கு மோபோ விருது. பாப் வேஷத்தைக் கழட்டிப் போட்ட பாட்டு அது. அடுத்த வருஷம் பிப்ரவரில, பிரிட் விருது மேடையில கான்யே வெஸ்ட் ஸ்கெப்டா, ஸ்டார்ம்ஸி உட்பட ஒரு க்ரைம் கூட்டத்தையே பின்னாடி நிறுத்தி, தீப்பிழம்பு அடிக்கிற கருவியோட பாடினார். சொந்த நாட்டு விருது விழா கூப்பிடாத பசங்களை ஒரு அமெரிக்கர் கூட்டிட்டு வர்றார். எனக்கு அதைப் பார்க்கும்போது சந்தோஷத்தோட கொஞ்சம் எரிச்சலும் வரும். அவங்க கையில மைக் இல்லையே. ஆனா 2016ல ஸ்கெப்டாவோட 'கொன்னிச்சிவா'வே மெர்க்குரி வாங்குச்சு, டேவிட் போவியோட கடைசி ஆல்பம் இருந்த பட்டியல்ல. 2017ல ஸ்டார்ம்ஸி ஆல்பம் நம்பர் ஒன்.

அதே 2017ல டிரேக்கோட 'மோர் லைஃப்'ல ஸ்கெப்டாவுக்கு ஒரு முழுப் பாட்டு, கிக்ஸுக்கும் இடம். கிக்ஸ் பார்ட்டைக் கேட்டு அமெரிக்க ரசிகர்கள் நிறைய பேர் ட்விட்டர்ல கிண்டல் பண்ணாங்க. லண்டன் அதைக் கண்டுக்கவே இல்ல. 2003ல இருந்தா வருத்தப்பட்டிருப்பாங்க.

இப்ப அந்த 70. அட்லான்டாவுல இருந்து வந்த ட்ராப் இசை அமெரிக்க ஹிப் ஹாப்போட மையத்துக்கு வந்தப்போ, அதுல பெரும்பகுதி 140ஐச் சுத்தி எழுதி 70ஆ உணர்ற தாளம். க்ரைம் இறங்கி வரலை, ஹிப் ஹாப்தான் அந்தக் கட்டத்துக்குள்ள வந்து நின்னுச்சு. ஏசாப் ராக்கிக்கு ஸ்கெப்டா 2018ல பீட் பண்ணிக் கொடுக்க முடிஞ்சதுல இதுக்கும் பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

இதோட அடுத்த சுற்று ட்ரில். அது பிறந்தது சிகாகோவுல. 2010களின் தொடக்கத்துல தெற்கு லண்டன் பசங்க அதை எடுத்து, க்ரைமோட தடுக்கி விழுற டிரம்ஸையும், வழுக்கிக்கிட்டுப் போற பேஸையும் சேர்த்து வேற ஒண்ணா மாத்திட்டாங்க. அந்த லண்டன் ட்ரில் பீட்டை யூட்யூப்ல தேடிப் பிடிச்சது ப்ரூக்ளின் பையன் பாப் ஸ்மோக். 2019ல வந்த 'வெல்கம் டு த பார்ட்டி' பீட் பண்ணது 808மெலோ என்ற கிழக்கு லண்டன்காரர். ஹிப் ஹாப் பிறந்த நியூயார்க், தன் புது சத்தத்துக்காக லண்டன்ல பீட் வாங்குச்சு. பாப் ஸ்மோக் 2020 பிப்ரவரில சுட்டுக் கொல்லப்பட்டார், வயசு 20. ஜூலைல வந்த அவரோட ஆல்பம் அமெரிக்காவுல நம்பர் ஒன்.

இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு 'எஸ்கிமோ'வையும் 'வெல்கம் டு த பார்ட்டி'யையும் அடுத்தடுத்து ஓட விடுங்க. பேஸை மட்டும் கவனிங்க.