சொட்டு மருந்துக்காக மௌனித்த துப்பாக்கிகள்

1985ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோரில் உள்நாட்டு யுத்தம் உக்கிரமடைந்திருந்த காலம். அன்று அரச படையினரும் கெரில்லாக்களும் பெருமளவில் மோதல்களைத் தவிர்த்துக்கொண்டனர். சமாதானப் பேச்சுவார்த்தை எதுவும் அதற்குக் காரணமல்ல. குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்கவேண்டியிருந்தது.

இந்த யோசனையை முன்வைத்தவர் அப்போது யுனிசெப்பின் தலைவராக இருந்த ஜேம்ஸ் கிராண்ட். யுத்தத்தில் மாண்டவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் மாண்ட குழந்தைகளே அதிகம் என்று ஜனாதிபதி டுவார்ட்டேயிடம் அவர் வாதாடினார். கெரில்லாக்களுடன் பேசும் பொறுப்பைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றது. இரு தரப்பும் ஓரளவேனும் நம்பக்கூடிய தூதராக அது இருந்தது. மார்ச் 3, ஏப்ரல் 21 ஆகிய தினங்களிலும் இவ்வேற்பாடு தொடர்ந்தது. சுமார் இரண்டரை இலட்சம் குழந்தைகள் போலியோ, சின்னமுத்து முதலான நோய்களுக்கு எதிராகத் தடுப்பு மருந்து பெற்றனர். 1992இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரை ஆண்டுதோறும் இத்தகைய 'அமைதித் தினங்கள்' கடைப்பிடிக்கப்பட்டன.

ஒரு நாளுக்கு நிறுத்த முடிந்த யுத்தத்தை மறுநாளும் ஏன் நிறுத்த முடியவில்லை என்ற கேள்வி வாசகர்களுக்கு எழக்கூடும். எனக்கும் அது பலமுறை எழுந்ததுண்டு.

போலியோவைப் பொறுத்தவரை எந்தக் கிராமத்தையும் விட்டுவிட்டுச் செல்ல முடியாது. இக்கிருமி தொற்றுவோரில் ஏறக்குறைய இருநூறு பேருக்கு ஒருவரே முடமாகின்றார். ஏனையோர் அறியாமலே அதனைப் பரப்புகின்றனர். ஆதலால் போர்முனைக்கு அப்பாலுள்ள ஒரு குக்கிராமம் தவறினாலும் நோய் அங்கே பதுங்கியிருக்கும்.

எமது நாட்டில் இறுதிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். ஆயினும் அயலில் இந்தியாவில் நோய் பரவியிருந்தமையால் 1995 முதல் தேசிய நோய்த்தடுப்புத் தினங்கள் நடத்தப்பட்டன. வடக்கு கிழக்கில் அத்தினங்களில் மோதல்களை நிறுத்திவைக்க அரசும் விடுதலைப் புலிகளும் இணங்கினர். பெரும்பாலான விடயங்களில் முரண்பட்ட இரு தரப்பினர் இதில் உடன்பட்டமை எமது யுத்த வரலாற்றில் போதியளவு எழுதப்படாத ஒரு பக்கம். தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதென 2014 மார்ச் 27ஆம் திகதி சான்றளிக்கப்பட்டபோது இலங்கையும் அதில் அடங்கியது.

பாகிஸ்தானின் கதை வேறு. பின்லேடனைத் தேடுவதற்காக அமெரிக்க உளவு நிறுவனம் அபோட்டாபாத்தில் போலித் தடுப்பூசித் திட்டமொன்றை நடத்தியமை 2011இல் அம்பலமானது. அது போலியோவுக்கானதல்ல, ஈரல் அழற்சிக்கானது. ஆனால் பழியைச் சுமந்தவர்கள் போலியோ ஊழியர்களே. 2012இல் வட வசீரிஸ்தானில் சொட்டு மருந்து தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் தடுப்பு மருந்து வழங்கச் சென்றவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். 2014இல் அந்நாட்டில் 306 பேர் போலியோவால் பாதிக்கப்பட்டனர். உளவாளி அணிந்த வேடத்தின் விலையைப் பெரும்பாலும் ஏழைப் பெண்களான ஊழியர்களும் குழந்தைகளும் செலுத்தினர்.

காஸாவில் 25 ஆண்டுகளின் பின்னர், 2024 ஓகஸ்டில், பத்து மாதக் குழந்தையொன்று போலியோவால் முடமானமை உறுதிப்படுத்தப்பட்டது. செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் பகுதி பகுதியாக, குறித்த மணித்தியாலங்களுக்கு மட்டும் தாக்குதல்கள் இடைநிறுத்தப்பட்டன. முதற்சுற்றில் ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் சொட்டு மருந்து பெற்றனர். அந்த மணித்தியாலங்கள் முடிந்ததும் தாக்குதல்கள் மீண்டும் தொடர்ந்தன.